ஓரத்தில் ‘சோ வாட்?’ என்று எழுதி வந்தால்: ஆங்கிலக் கவிதைப் பகுப்பாய்வில் பிழை காணும் முறை

ஆங்கில இலக்கியம் படிக்கும் மாணவரின் விடைத்தாள் திரும்பி வரும்போது, ஓரத்தில் சிவப்பு மையில் ‘ரீடெல்லிங்’, ‘சோ வாட்?’, ‘லிங்க்?’, ‘டென்ஸ்’ என்று ஒற்றைச் சொற்களே இருக்கும். மதிப்பெண் எந்த இடத்தில் போயிற்று என்பதை அவை சொல்கின்றன. அந்த இடத்தை எப்படிச் சரிசெய்வது என்பதைச் சொல்வதில்லை. அந்தக் குறையைத் தீர்ப்பதற்காக மாணவர்கள் தேடிப் பிடிப்பது, பகுப்பாய்வுக்குப் பயன்படும் ஆங்கிலத் தொடர்களின் நீண்ட பட்டியல்களை. பட்டியல்களில் உள்ள தொடர்கள் பெரும்பாலும் நல்லவையே. ஆனால் எந்தக் குறைக்கு எந்தத் தொடர் என்று அறியாமல் அவற்றை மனப்பாடம் செய்தவர், ‘ஃபர்தர்மோர்’ என்ற சொல்லை எல்லாப் பத்தியிலும் கறிவேப்பிலை போலப் போட்டுவிட்டு, மதிப்பெண் ஏன் ஏறவில்லை என்று வியக்கிறார். ஆகவே இங்கே தொடர்களை அறிகுறிகளின்படி தருகிறேன். உங்கள் விடைத்தாளின் ஓரத்தில் எந்தச் சொல் இருக்கிறதோ, அந்தப் பகுதிக்குச் சென்றால் போதும். தொடர்களை ஒலிப்புப்படி தமிழ் எழுத்திலேயே தந்திருப்பதால், வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கவும் முடியும். வாய்க்கு வராத தொடர் தேர்வறையில் கைக்கும் வராது.

எடுத்துக்காட்டுகள் அனைத்தும் ஒரே கவிதையிலிருந்து வருகின்றன. ஆங்கிலக் கவிஞர் பெர்சி ஷெல்லி எழுதி, 1818 ஜனவரியில் ‘தி எக்ஸாமினர்’ என்ற லண்டன் வார இதழில் வெளியான ‘ஓஸிமாண்டியஸ்’ பதினான்கு அடிகளே உடையது. தொன்மையான நாடொன்றிலிருந்து வந்த ஒரு பயணியைச் சந்தித்ததாக ஒருவர் சொல்லத் தொடங்குகிறார். அந்தப் பயணி, பாலைவனத்தில் உடலின்றி நிற்கும் இரண்டு பெரிய கல் கால்களையும், மணலில் பாதி புதைந்து கிடக்கும் உடைந்த முகத்தையும் விவரிக்கிறார். ‘என் படைப்புகளைப் பாருங்கள், வலிமை மிக்கோரே, நம்பிக்கை இழந்துபோங்கள்’ என்னும் பொருள்பட அந்த அரசன் பொறித்த வாசகம் பீடத்தில் இருக்கிறது. சுற்றிலும் மணலைத் தவிர வேறு எதுவும் இல்லை. எகிப்திய அரசன் இரண்டாம் ராம்சேஸுக்குக் கிரேக்கர் வழங்கிய பெயரே ஓஸிமாண்டியஸ்.

அறிகுறி: ‘ரீடெல்லிங்’, அல்லது ‘பாராஃப்ரேஸ்’

கவிதையை ஆராயாமல் அதன் கதையைத் திரும்பச் சொல்லியிருக்கிறீர்கள் என்பது இதன் பொருள். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் ‘ஈ.ஆர்.சி.’ என்னும், இடம் சுட்டிப் பொருள் விளக்கும் விடையை எழுதிப் பழகியவர்களுக்கு இது ஏறத்தாழத் தவிர்க்க முடியாமல் வரும் பிழை. ‘திஸ் லைன் இஸ் டேக்கன் ஃப்ரம் தி போயம்’ என்று தொடங்கி, இடம் சுட்டி, பொருள் விளக்கி முடிக்கும் அந்த வாய்பாடு பள்ளித் தேர்வில் மதிப்பெண் வாங்கித் தந்தது. பகுப்பாய்வு கேட்கும் வினாவிலோ, பொருள் விளக்கம் முடிகிற இடத்தில்தான் விடையே தொடங்குகிறது.

சோதிக்கும் முறை எளிது. உங்கள் பத்தியில் ஒவ்வொரு வாக்கியத்தின் எழுவாயையும் அடிக்கோடிடுங்கள். ‘தி டிராவலர்’, ‘தி கிங்’, ‘ஹி’ என்று கதைமாந்தரே வரிசையாக வந்தால் நீங்கள் கதை சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். எழுவாயை மாற்றினால் வாக்கியத்தின் போக்கே மாறிவிடும். ‘தி போயம் பிரசென்ட்ஸ்’, ‘தி ஓப்பனிங் லைன் செட்ஸ் அப்’, ‘தி வர்ட் “ஸ்னியர்” சஜஸ்ட்ஸ்’, ‘தி இமேஜ் ஆஃப் தி ஷேட்டர்ட் ஃபேஸ் கன்வேஸ்’ என்று கவிதையையோ அதன் ஒரு பகுதியையோ எழுவாயாக்குங்கள். ‘பயணி முதலில் இரண்டு கால்களைப் பார்க்கிறார், பிறகு ஒரு முகத்தைப் பார்க்கிறார்’ என்பது கதை. ‘தி போயம் கிவ்ஸ் அஸ் தி ஸ்டாச்யூ இன் பீசஸ், ஸோ தட் வி நெவர் சீ தி கிங் ஹோல்’ என்பது பகுப்பாய்வு: சிலையைத் துண்டு துண்டாகவே கவிதை நமக்குத் தருவதால், அந்த அரசனை நாம் முழுமையாக ஒருமுறையும் காண்பதில்லை. இரண்டுக்கும் பயன்பட்ட செய்தி ஒன்றே. சூழலைச் சொல்லியே ஆகவேண்டுமென்றால் அதை ‘ஆஃப்டர்’, ‘ஆஸ்’, ‘ஹேவிங்’ என்று தொடங்கும் துணைவாக்கியத்தில் அடக்கிவிட்டு, முதன்மை வாக்கியத்தைக் கவிதைக்குக் கொடுங்கள்.

அறிகுறி: ‘சோ வாட்?’

மாணவர்களை மிகவும் எரிச்சலூட்டும் குறிப்பு இதுதான், ஏனெனில் எழுதியது தவறில்லை என்பதும் அதிலேயே தெரிகிறது. ‘தி போயட் யூசஸ் அலிட்டரேஷன்’ என்று எழுதியிருப்பீர்கள். மோனை அங்கே இருப்பது உண்மைதான். உவமையையும் உருவகத்தையும் கண்டுபிடித்துப் பெயரிடுவதோடு நிறுத்திக்கொள்வது, வைத்தியர் நோயின் பெயரைச் சொல்லிவிட்டு எழுந்து போவதைப் போன்றது.

இதைப் பலர் தவறான மருந்தால் சரிசெய்ய முயல்கிறார்கள். ‘இட் கிரியேட்ஸ் அன் இமேஜ் இன் தி ரீடர்ஸ் மைண்ட்’, ‘இட் மேக்ஸ் தி போயம் இன்ட்ரஸ்டிங்’, ‘இட் மேக்ஸ் தி ரீடர் வான்ட் டு ரீட் ஆன்’ ஆகிய மூன்று வாக்கியங்களையும் உங்கள் நினைவிலிருந்து அழித்துவிடுங்கள். எந்தக் கவிதையின் எந்த அணிக்கும் பொருந்துகிற வாக்கியம், இந்தக் கவிதையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. சோதனையும் அதுவே: உங்கள் வாக்கியத்தை வெட்டி வேறொரு கவிதையின் விடையில் ஒட்டிப் பாருங்கள், பிசிறில்லாமல் ஒட்டிக்கொண்டால் அது பயனற்றது.

சரியான மருந்து மூன்று படிகள் கொண்டது. மூன்றையும் ஒரே வாக்கியத்தில் அடக்கலாம். சான்றாகும் சொல், அந்தச் சொல்லின் இயல்பு, அந்த இயல்பு இந்த இடத்தில் செய்யும் வேலை. கவிதையின் இறுதியில் மணலைப் பற்றி ‘பவுண்ட்லெஸ் அண்ட் பேர்’ என்றும் ‘லோன் அண்ட் லெவல்’ என்றும் இரண்டு சோடிகள் வருகின்றன. ஒலி ஒத்திருக்கிறது என்பது முதற்படி. இரண்டாம் படிக்கு அவற்றை உரக்கப் படிக்க வேண்டும்: ‘லோன்’, ‘ஃபார் அவே’ என்ற நீண்ட ஒலிகள் நாவை விரைந்து செல்ல விடாமல் இழுக்கின்றன, சோடிச் சொற்களோ ஒன்றையே மறுபடி சொல்வது போல ஒலிக்கின்றன. மூன்றாம் படி, முந்தைய அடிகளில் அரசனின் ஆணை உரத்து முழங்கியதை நினைவுகூர்ந்து, அதற்கு அடுத்து வருவது சத்தமில்லாத நீட்சி என்பதைக் காண்பது. இப்போது எழுதலாம்: ‘தி ரிப்பீட்டட் சவுண்ட்ஸ் இன் “லோன் அண்ட் லெவல்” ஸ்லோ தி லைன் டவுன், ஸோ தட் தி கிங்ஸ் கமாண்ட் ஃபேட்ஸ் இன்டு எம்ப்டி ஸ்பேஸ்’. இந்த வாக்கியத்தை வேறெந்தக் கவிதையிலும் ஒட்ட முடியாது.

இந்த மூன்றாம் படியைத் தொடங்கி வைக்கும் தொடர்களைத் தனியே பழகிக்கொள்வது நல்லது. ‘ஸோ தட்’, ‘வித் தி எஃபெக்ட் தட்’, ‘திஸ் டிராஸ் அட்டென்ஷன் டு’, ‘திஸ் ரிஇன்ஃபோர்சஸ்’, ‘திஸ் அண்டர்கட்ஸ்’ என்பவை போதும். கடைசித் தொடர் இந்தக் கவிதைக்கு மிகவும் உரியது. வாசகம் முடிந்ததும் ‘நத்திங் பிசைட் ரிமைன்ஸ்’ என்று மூன்றே சொல்லில் ஒரு வாக்கியம் வந்து நிற்கிறது. ‘தி ஷார்ட் சென்டென்ஸ் அண்டர்கட்ஸ் தி போஸ்ட் தட் கம்ஸ் பிஃபோர் இட்’ என்றால், குறுமை என்னும் வடிவம் அரசனின் பெருமிதத்தைக் காலை வாரிவிடுகிறது என்பதைச் சொல்லிவிடுகிறீர்கள். அணி என்று பெயரிட ஏதும் இல்லாத இடத்திலும் பகுப்பாய்வு இருக்கிறது என்பதை மாணவர்கள் நம்ப மறுப்பது எனக்கு இன்றளவும் வியப்பாக இருக்கிறது.

அறிகுறி: ‘ஷோஸ்’ என்ற சொல்லைச் சுற்றி வட்டம்

ஒரே பக்கத்தில் ‘திஸ் ஷோஸ் தட்’ ஆறு முறை வந்தால் ஆசிரியர் வட்டமிடத் தொடங்குகிறார். அகராதியைத் திறந்து ஆறு மாற்றுச் சொற்களை எடுத்து மாறிமாறிப் போடுவது தீர்வாகாது, ஏனெனில் அவை ஒரே பொருள் உடையவை அல்ல. வெளிப்படையாக வரைந்து காட்டுவதற்கு ‘டிபிக்ட்ஸ்’, ‘போர்ட்ரேஸ்’; சொல்லாமல் உணர்த்துவதற்கு ‘சஜஸ்ட்ஸ்’, ‘இம்ப்ளைஸ்’; இலேசாகக் கோடிகாட்டுவதற்கு ‘ஹின்ட்ஸ் அட்’; உணர்வையோ நினைவையோ எழுப்புவதற்கு ‘ஈவோக்ஸ்’; அழுத்தம் தருவதற்கு ‘எம்ஃபசைஸஸ்’; பின்னால் வரப்போவதை முன்னே உணர்த்துவதற்கு ‘ஃபோர்ஷேடோஸ்’. கவிதை என்ன செய்கிறது என்று முதலில் தமிழில் உங்களுக்கு நீங்களே சொல்லிப் பாருங்கள். ‘காட்டுகிறது’ என்றுதான் வருகிறதா, ‘உணர்த்துகிறது’ என்று வருகிறதா, ‘குறிப்பாகப் புலப்படுத்துகிறது’ என்று வருகிறதா? ஆங்கில வினை அதிலிருந்து கிடைத்துவிடும்.

இங்கே சில இலக்கணப் பிழைகள் கூடவே ஒட்டிக்கொண்டு வரும். தமிழில் ‘பற்றி’ வருகிற இடத்திலெல்லாம் ‘அபவுட்’ போடுவதால் ‘டிஸ்கசஸ் அபவுட்’, ‘டிஸ்க்ரைப்ஸ் அபவுட்’ என்று எழுதுகிறோம். ‘அழுத்தம் கொடுக்கிறார்’ என்ற நினைப்பில் ‘எம்ஃபசைஸஸ் ஆன்’ என்கிறோம். மூன்றிலும் இடைச்சொல்லை நீக்கிவிடுங்கள். ‘இம்ப்ளை’ என்பது கவிதை செய்வது, ‘இன்ஃபர்’ என்பது வாசகர் செய்வது. இடம் மாறினால் பொருள் தலைகீழாகும். ‘தி போயட் கோட்ஸ் தட்’ என்பதும் அடிக்கடி வரும் தவறு. மேற்கோள் காட்டுவது நீங்கள். கவிஞர் எழுதுகிறார், ஆகவே ‘தி போயட் ரைட்ஸ்’.

அறிகுறி: மேற்கோளின் இருபுறமும் கேள்விக்குறி

மேற்கோள் தனி வாக்கியமாகத் தொங்குகிறது என்பது இதன் பொருள். தமிழில் மேற்கோளை முதலில் வைத்துவிட்டுப் பின்னால் ‘என்று’ என ஒரு சொல்லால் கட்டிவிட முடியும். ஆங்கிலத்தில் அந்த ‘என்று’ இல்லாததால், மேற்கோளை மட்டும் வைத்துவிட்டு அடுத்த வாக்கியத்துக்குப் போய்விடுகிறோம். இன்னொரு கோளாறும் இதே வேரிலிருந்து முளைக்கிறது. நம் ‘என்று’ நேர்கூற்றுக்கும் அயற்கூற்றுக்கும் பொது. ஆங்கிலத்தின் ‘தட்’ அயற்கூற்றுக்கு உரியது. அதனால்தான் ‘ஹி சேஸ் தட் “ஐ மெட் எ டிராவலர்”’ என்ற வாக்கியம் நமக்கு இயல்பாகவும் திருத்துபவருக்குக் கரடுமுரடாகவும் படுகிறது.

முழு அடியை எடுத்தாளும் ஆசையை விடுவதே முதல் தீர்வு. இரண்டு அல்லது மூன்று சொற்களை மட்டும் எடுத்து, உங்கள் வாக்கியத்தின் இலக்கணத்துக்குள் அவற்றைப் பொருத்துங்கள்: ‘தி ஃபேஸ், “ஹாஃப் சங்க்” இன் தி சாண்ட், ஸ்டில் வேர்ஸ் இட்ஸ் “ஸ்னியர் ஆஃப் கோல்ட் கமாண்ட்”’. மேற்கோள் குறிகளை மறைத்துவிட்டு வாசித்தாலும் வாக்கியம் நிமிர்ந்து நிற்க வேண்டும். பொருந்தாத இடத்தில் ‘ஆஸ் இன் தி ஃப்ரேஸ்’, ‘டிஸ்க்ரைப்ட் ஆஸ்’, ‘வாட் தி டிராவலர் கால்ஸ்’ என்ற கைப்பிடிகள் உதவும்.

அறிகுறி: ‘ஹூ இஸ் ஸ்பீக்கிங்?’

‘ஷெல்லி மெட் எ டிராவலர்’ என்று எழுதியவருக்கு இந்தக் குறிப்பு வரும். கவிதையில் ‘நான்’ என்பவர் ஷெல்லி அல்லர். இந்தப் பதினான்கு அடிகளுக்குள் குரல்கள் ஒன்றினுள் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன: ‘நான்’ என்று தொடங்குபவர், அவருக்குச் சொல்லும் பயணி, பயணி படித்துச் சொல்லும் பீடத்து வாசகத்தின் அரசன். அரசனின் ஆணை மூன்றாம் கையாகத்தான் நம்மிடம் வந்து சேர்கிறது என்பதே இந்தக் கவிதையில் சொல்லத்தக்க மிகச் சிறந்த செய்திகளில் ஒன்று. கவிஞரையும் பேசுபவரையும் ஒருவராக்கியவருக்கு அது கண்ணில் படுவதே இல்லை.

தமிழ் படித்தவருக்கு இந்த வேறுபாடு புதிதாக இருக்கக் கூடாது. குறுந்தொகைப் பாடலின் கீழே ‘தலைவி கூற்று’, ‘தோழி கூற்று’ என்று பார்த்துப் படித்தவர்கள் நாம். கபிலர் பாடினார், ஆனால் பேசுவது தலைவி என்பதை நமக்கு யாரும் இரண்டாம் முறை விளக்க வேண்டியதில்லை. அதே கண்ணோட்டத்தோடு ஆங்கிலக் கவிதைக்கும் கூற்று எழுதுங்கள்: ‘தி ஸ்பீக்கர் ரீகால்ஸ்’, ‘தி டிராவலர் ரிப்போர்ட்ஸ்’, ‘தி இன்ஸ்கிரிப்ஷன் டிக்ளேர்ஸ்’. கதையாக இருந்தால் ‘தி நரேட்டர்’. ஆசிரியரின் பெயரை, அவர் செய்த தெரிவுகளைப் பேசும்போது மட்டும் பயன்படுத்துங்கள்: ‘ஷெல்லி ஃப்ரேம்ஸ் தி கிங்ஸ் வர்ட்ஸ் வித்தின் டூ அதர் வாய்சஸ்’.

பெயர் பற்றி ஒரு சிறு குறிப்பு. நம் வழக்கில் முன்னெழுத்தை நீக்கினால் எஞ்சுவது ஒருவரின் சொந்தப் பெயர். அந்தப் பழக்கத்தில் ‘பெர்சி சேஸ்’, ‘வில்லியம் சேஸ்’ என்று எழுதிவிடுகிறோம். ஆங்கிலத்தில் குடும்பப் பெயரே வழங்கும், அதற்கு முன் ‘மிஸ்டர்’ வேண்டியதில்லை. ‘அவர்’ என்ற நம் சொல் ஆண், பெண் என்று பிரிப்பதில்லை. ஆங்கிலத்தில் பிரித்தாக வேண்டும். நாவலாசிரியர் ஜார்ஜ் எலியட் பெண் என்பதை மறந்து ‘ஹி’ போட்ட விடைத்தாள்கள் ஏராளம்.

அறிகுறி: ‘ஓவர்ஸ்டேட்டட்’, அல்லது அதற்கு நேர்மாறாக ‘டூ டென்டேட்டிவ்’

சிலர் ‘திஸ் ப்ரூவ்ஸ்’, ‘கிளியர்லி’, ‘ஆப்வியஸ்லி’ என்று அடித்துச் சொல்கிறார்கள். வேறு சிலர் ‘பெர்ஹாப்ஸ் திஸ் மே பாசிப்ளி சஜஸ்ட்’ என்று ஒரே வாக்கியத்தில் மூன்று முறை பின்வாங்குகிறார்கள். இரண்டும் ஒரே நோய்: தன் கருத்துக்கு எவ்வளவு சான்று இருக்கிறது என்று அளந்து பார்க்காமை.

நம் உரையாசிரியர்கள் இந்த அளவீட்டில் தேர்ந்தவர்கள். அடி வெளிப்படையாகச் சொல்வதை ‘என்றார்’ என்பார்கள். அதிலிருந்து வருவித்துக்கொள்வதை ‘என்பது பெற்றாம்’ என்பார்கள். பிறர் கொண்ட உரையை ‘என்பாரும் உளர்’ என்று சுட்டுவார்கள். ஆங்கிலத்திலும் இதே ஏணி இருக்கிறது. வெளிப்படையானதற்கு ‘ஸ்டேட்ஸ்’, வருவிப்பதற்கு ‘திஸ் இம்ப்ளைஸ்’, இன்னொரு பொருளுக்கு இடமிருந்தால் ‘திஸ் குட் ஆல்சோ பி ரெட் ஆஸ்’, மாற்றார் கருத்துக்கு ‘இட் மைட் பி ஆப்ஜெக்டட் தட்’. ஒரு வாக்கியத்துக்கு ஒரு தளர்வுச் சொல் என்பது நல்ல கணக்கு.

மாற்றுப் பொருள் சொல்லும் இடம் இந்தக் கவிதையில் தெளிவாகவே அமைந்திருக்கிறது. சிற்பியின் கையைப் பற்றிப் பேசும்போது ‘மாக்ட்’ என்ற வினை வருகிறது. அதற்குப் பார்த்துச் செய்தல் என்ற பொருளும் எள்ளி நகையாடுதல் என்ற பொருளும் உண்டு. ‘“மாக்ட்” கேன் மீன் காப்பீட், பட் இட் குட் ஆல்சோ பி ரெட் ஆஸ் ரிடிக்யூல்ட், விச் வுட் மேக் தி ஸ்கல்ப்டர் தி கிங்ஸ் ஃபர்ஸ்ட் கிரிட்டிக்’ என்று எழுதினால், தளர்வுச் சொல் தயக்கத்தைக் காட்டாமல் நுண்மையைக் காட்டும். ‘டிஸ்பேர்’ என்ற சொல்லையும் இப்படியே ஆராயலாம்: என்னை மிஞ்ச முடியாது என்று நம்பிக்கை இழக்கச் சொன்னான் அரசன், அவனுக்கே எதுவும் மிஞ்சவில்லை என்பதைக் கண்டு வலியோர் நம்பிக்கை இழக்கக் கூடும். பழைய உரைகளைப் படிக்கும் பழக்கம் உள்ள மாணவர்கள் இந்தப் பகுதியில் பிறரைவிட விரைவாகத் தேறுவதைப் பார்த்திருக்கிறேன்.

அறிகுறி: ‘மாரலைசிங்’

‘தி போயம் டீச்சஸ் அஸ் தட் பிரைட் இஸ் பேட்’ என்று முடித்திருப்பீர்கள். 1920களில் இலக்கியத் திறனாய்வாளர் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் கேம்பிரிட்ஜ் மாணவர்களுக்கு ஆசிரியர் பெயர் இல்லாமல் கவிதைகளைக் கொடுத்துக் கருத்தெழுதச் சொன்னார். 1929இல் அவர் வெளியிட்ட முடிவுகளில், கவிதை தூண்டாத, வாசகரிடம் முன்னமே தயாராக இருந்த எதிர்வினைகளை ஒரு தனிக் குறையாகவே வகைப்படுத்தினார். செருக்கு அழியும் என்ற நீதி கவிதையைப் படிப்பதற்கு முன்பே உங்களிடம் இருந்தது. ‘டீச்சஸ் அஸ்’ என்பதை ‘எக்ஸ்ப்ளோர்ஸ்’ அல்லது ‘குவெஸ்சன்ஸ்’ என்று மாற்றுங்கள். அந்த வினைகள் அடுத்து ஒரு நுணுக்கமான செயப்படுபொருளைக் கேட்கும். ‘தி போயம் குவெஸ்சன்ஸ் ஹூ கண்ட்ரோல்ஸ் தி மெமரி ஆஃப் எ ரூலர்’ என்று எழுத நேர்ந்தால், அரசன் தன் வாசகத்தால் நிலைத்தானா, சிற்பியின் உளியால் நிலைத்தானா என்று யோசித்தே ஆகவேண்டும்.

அறிகுறி: ‘லிங்க்?’ மற்றும் ‘டென்ஸ்’

இவை இரண்டும் விரைவில் தீரும். பத்திகளின் வரிசையை மாற்றினாலும் விடை கெடவில்லை என்றால், உங்கள் ‘மோர்ஓவர்’ பொய் இணைப்பு. ‘பை காண்ட்ராஸ்ட்’, ‘திஸ் இம்ப்ரெஷன் இஸ் காம்ப்ளிகேட்டட் பை’, ‘தி சேம் இமேஜ் ரிடர்ன்ஸ் இன்’ என்று முந்தைய பத்தியின் கருத்தைக் கையோடு அழைத்து வரும் தொடர்களைப் பயன்படுத்துங்கள். ‘ஆல்தோ’ என்று தொடங்கிய வாக்கியத்தின் நடுவில் ‘பட்’ வரக் கூடாது.

காலத்தைப் பொறுத்தவரை, ‘வள்ளுவர் கூறுகிறார்’ என்று நாம் எழுதுவதைப் போலவே ஆங்கிலத்திலும் படைப்புக்குள் நடப்பதெல்லாம் நிகழ்காலம். வரலாற்றுச் செய்தி மட்டும் இறந்தகாலம்: ‘ஷெல்லி பப்ளிஷ்ட் தி போயம் இன் 1818, அண்ட் இட் ஓப்பன்ஸ் வித் எ மீட்டிங்’. ஒரே வாக்கியத்தில் இரண்டும் அருகருகே வரலாம், தவறில்லை.

தேர்வறையில் திரும்பிப் படிக்க ஐந்து நிமிடமே மிஞ்சினால், காலப் பிழைகளை முதலில் திருத்துங்கள். ஒவ்வொன்றுக்கும் சில நொடிகளே ஆகும். அடுத்து, தொங்கும் மேற்கோள்களுக்கு முன்னால் ஒரு கைப்பிடியைச் செருகுங்கள். அணியின் பெயரோடு முடிந்துவிட்ட வாக்கியம் கண்ணில் பட்டால், முற்றுப்புள்ளியைக் காற்புள்ளியாக்கி ‘ஸோ தட்’ என்று தொடர்ந்து எழுதுங்கள். கதைசொல்லலை மட்டும் அந்த நேரத்தில் தொடாதீர்கள். அதற்கு எழுவாய்களையெல்லாம் மாற்றியாக வேண்டும், ஐந்து நிமிடம் போதாது.